“நல்லா இருக்கு மிஸ்”



எங்கள் பெண்கள் குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. “எங்கட தையல் வேலையை, எங்கட கதையை, நாங்களே ஒரு இணையப் பக்கத்தில் போடலாமா மிஸ்?” போடலாம். இலவசமாகப் பக்கம் அமைத்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. ஆனால் செய்து முடித்த பக்கத்தை யாரிடம் காட்டி, எப்படிக் கருத்துக் கேட்பது என்பதை எனக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான் படித்தது சமூகவியல், கணினி அல்ல. வேலை முடிந்து வந்து, ஹட்டனில் என் வாடகை அறையில் இரவு நேரங்களில் நானாகப் பார்த்துப் பழகி ஒரு பக்கம் செய்தேன். பிரட்டு, கவ்வாத்து, அரைப்பேர், பிள்ளைக்காம்பரா என்று தோட்டத்தில் மட்டும் புழங்கும் சொற்களை அதில் சேர்த்து விளக்கம் எழுதினேன். சில சகோதரிகள் சொன்ன வாழ்க்கைக் கதைகளையும் போட்டேன். பச்சைப் பின்னணி, சாம்பல் நிற எழுத்து, பெரிய பெரிய படங்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லோரும் “நல்லா இருக்கு” என்றார்கள். இரண்டு மாதமாகியும் யாரும் மறுபடி அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தார்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் அன்புள்ளவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

இணையத்தளங்களை ஆராயும் ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்கைச் சொன்னார். பக்கத்தைப் பயன்படுத்தக்கூடிய 5 பேரிடம் கொடுத்து, அவர்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்தாலே குறைகளில் ஏறக்குறைய 85 வீதம் வெளிவந்துவிடும் என்பதே அது. அபிப்பிராயம் கேட்பதைவிட, ஒரு வேலையைக் கொடுத்து அவர்கள் செய்வதைக் கவனிப்பதே மேல் என்பது அவர் வழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வழமையாகப் போகும் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலில் 5 பெண்கள் இருந்தார்கள். “இதில் கவ்வாத்து என்றால் என்னவென்று எங்கே இருக்கிறது, தேடிப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன்.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தன் போனில் திறந்தார். வெயிலில் அந்தச் சாம்பல் எழுத்து தெரியவே இல்லை. அவர் போனைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய இணைய வழிகாட்டல் என்று பிறகுதான் படித்தேன். ஒவ்வொரு படமும் 4 மெகாபைட். பாதிப் படம் வருவதற்குள் அவருடைய டேட்டா தீர்ந்துபோனது. நான் பாமினி எழுத்துருவில் அடித்த தலைப்புகள் அவர்களுடைய போன்களில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தன. அலுவலகக் கணினிகளில் பாமினி இருந்தபடியால் நண்பர்களுக்கு அது தெரியவில்லை. யுனிகோடுக்கு மாற்றியிருந்தால் எல்லாப் போனிலும் தமிழாகவே தெரிந்திருக்கும்.

“அப்படியில்லை அக்கா, மேலே அழுத்துங்கள்” என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். வாசிக்கிற ஒவ்வொருவர் பக்கத்திலும் நான் போய் நின்று விளக்க முடியாதே.

எழுத வாசிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘அரைப்பேர்’ என்பதற்கு நான் ‘அரைநாள் வேலைக்கான கூலி’ என்று எழுதியிருந்தேன். பாட்டி சிரித்தார். “நாள் முழுக்க மலையில நின்னாலும் கிலோ குறைஞ்சா அரைப்பேருதான் மிஸ்” என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த அநியாயத்தை என் விளக்கம் மறைத்திருந்தது.

கடைசியாகப் போனை வாங்கிய அக்காவைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவருடைய பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள். 2009 போரில் கணவரை இழந்து, பிள்ளையோடு உறவினர் லயத்துக்குத் திரும்பி வந்தவர் அவர். தன் கதையை எழுத எனக்கு அனுமதி தந்திருந்தார். நான் பெயரை மாற்றியிருந்தேன். முகத்தையும் போடவில்லை. அவருடைய வீட்டு வாசலை மட்டும் படமெடுத்துப் போட்டிருந்தேன்.

அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பேர மாத்திட்டீங்க மிஸ். ஆனா இது யாரு வீட்டுக் கதவுன்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியுமே. மகளுக்கு வரன் பாக்குறோம்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. ஹட்டனுக்கு வந்ததும் அன்றிரவே அந்தக் கதையையும் படத்தையும் எடுத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் யாராவது அதைப் பிரதி எடுத்து வைத்திருந்தால் அதை நான் அழிக்க முடியாது. அவர் அனுமதி தந்தது என்னிடம் பேசுவதற்கு. ஊரார் கையிலுள்ள போனில் அது எப்படித் தெரியும் என்பதை அவருக்கு நான் முன்கூட்டிக் காட்டவில்லை. குற்றம் என்னுடையது.

சகோதரிகளே, நீங்கள் ஒரு பக்கம் செய்தால், ஊருக்குக் காட்டுமுன் அதில் வருகிறவர்களுக்குக் காட்டுங்கள். வீடு, கதவு இலக்கம், பாடசாலைச் சீருடை, தொலைபேசி எண் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களைச் சிறிதாக்குங்கள். விலை குறைந்த போனில், வெயிலில் வைத்துத் திறந்து பாருங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்காமல், “இதைத் தேடித் தாங்க” என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள்.

குறை சொல்லப்படுவதற்கு வெட்கப்பட வேண்டியதும் இல்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. பொதுவாகப் பேசுவதற்கு ‘ஆலமரத்தடி’ என்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். யாரோ எழுதியதை இன்னொருவர் திருத்தித்தான் அது வளர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு எத்தனையோ பேர் உங்களிடம் வந்து கதை கேட்டு, படம் எடுத்துப் போயிருப்பார்கள். என்னைப்போல நல்ல எண்ணத்தோடு வந்தவர்களும் இருப்பார்கள். “போடுமுன் எனக்குக் காட்டுங்கள்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. முன்பு சம்மதித்திருந்தாலும், பிறகு “எடுத்துவிடுங்கள்” என்று சொல்லலாம்.

என் பக்கத்தில் இப்போது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. அரைப்பேருக்குப் பாட்டி சொன்ன விளக்கத்தை அவர் குரலிலேயே கேட்கலாம். பதிவு செய்ததை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். அந்த அக்காவின் கதை அங்கே இல்லை. அவர் வேண்டுமென்று சொன்னால் மட்டுமே அது வரும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.