மாமியார் நாற்காலி

மாமியாருக்கென்றே ஒரு நாற்காலி இருக்கிறது, தெரியுமோ? பூசணிக்காய் மாதிரி உருண்டை; மேலெல்லாம் தங்க நிறத்தில் முட்கள்! உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாரோ குறும்புக்கார ஜெர்மானிய மாப்பிள்ளை சூட்டிய பெயராக இருக்க வேண்டும்!

விஷயம் வேறொன்றுமில்லை. அது மெக்ஸிகோ நாட்டுக் கள்ளி. கெரேடாரோ, இடால்கோ மாநிலங்களில், செங்குத்தான பாறைச் சரிவுகளில் வேர் ஊன்றி வாழ்கிறது. மழை பெய்தால் உடம்பின் மடிப்புகள் விரிந்து நீரைச் சேமித்துக்கொள்ளும், வறட்சியில் சுருங்கும். ஒரு மீட்டர் பருமன் ஆவதற்குள், நட்டவருக்குப் பேரன் பிறந்துவிடுவான்!

இன்று உலகமெங்கும் தோட்டங்களில் இந்தக் கள்ளி கொலுவிருக்கிறது. நர்சரிகளில் விதை போட்டு லட்சக்கணக்கில் வளர்க்கிறார்கள். அப்படியானால் கவலை எதற்கு என்கிறீர்களா? பிறந்த வீட்டில்தான் அதற்கு ஆபத்து! 1990-களில் மின்சாரத்துக்காக சிமாபான் அணையைக் கட்டினார்கள். பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறிற்று. கள்ளி குடியிருந்த சரிவுகளில் ஒரு பகுதி மூழ்கிற்று. மிச்சமிருந்ததைப் பெயர்த்து விற்கத் திருடர்கள் கிளம்பினார்கள். மாமியாருக்கு நாற்காலி போடுவது இருக்கட்டும். நாற்காலிக்கே இருக்க இடமில்லை!

அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இதற்கு இடம் கிடைத்திருக்கிறது. அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டு போகக் கூடாது என்று சர்வதேச ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால், மலைச்சரிவுக்கெல்லாம் காவல் போட முடியுமா?

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விதையிலிருந்து வளர்ப்பது கஷ்டமே இல்லை. மணல் அதிகம் கலந்த மண்ணில் விதையைத் தூவி, முளைக்கும் வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பருவத்தில் கடும் வெயில் ஆகாது. வளர்ந்த பிறகு, மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர். கள்ளி தாகத்தால் சாவது அபூர்வம். நம்முடைய அன்பு மிகுதியால் அழுகிச் சாவதுதான் அதிகம்!

தொட்டியில் ஆயிரம் இருந்தாலும், அந்தப் பாறைச் சரிவில் தானே விழுந்து தானே முளைத்த ஒன்றுக்கு அது ஈடாகாது. ஆனாலும், விதையில் வளர்ந்த செடி மலிவாகக் கிடைத்தால், காட்டில் திருடுகிறவனுக்கு வியாபாரம் படுக்கும். ஆகவே அபூர்வக் கள்ளி எதையும் வாங்குமுன், "ஐயா, இது விதை போட்டு வளர்த்ததா, மலையில் பெயர்த்ததா?" என்று கேளுங்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்தால், பேசாமல் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.