லெஜெண்டை அப்படியே விடாதீர்கள்

ஆர் மொழியில் ஜிஜிபிளாட்2 வைத்துப் படம் போடும் தம்பி தங்கைகளே, இன்று உங்களோடு ஒரு சண்டை. வலது ஓரத்தில் தானாக வந்து உட்காரும் லெஜெண்டை ஏன் தொடாமலே அனுப்புகிறீர்கள்?

அதன் தலைப்பில் "ஃபாக்டர்(சில்)" என்று நிற்கிறது. அது நிரலுக்குத் தெரிந்த பெயர். மனிதருக்கு "சிலிண்டர்கள்" என்று சொல்ல, லேப்ஸில் ஒரு வரி போதும். பெயர்கள் அகரவரிசையில் நிற்க, கோடுகள் வேறு வரிசையில் முடிகின்றன. ஃபாக்டரின் லெவல்களை மாற்றுங்கள், இரண்டும் ஒத்துப்போகும். தானாக வரும் நிறங்கள் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் கொண்டவை. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் எல்லாம் ஒரே சாம்பல். விரிடிஸ் நிறங்கள் அதற்காகவே இருக்கின்றன. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் உதவும்.

"கணக்குச் சரி, லெஜெண்ட் சின்ன விஷயம்தானே?" என்பீர்கள். இல்லை. கணக்கைப் பார்ப்பது நீங்கள் மட்டும்தான். முடிவெடுப்பவர் படத்தைத்தான் பார்க்கிறார். நிறத்தை மாற்றிப் பொருத்திவிட்டால், உங்கள் சரியான கணக்கிலிருந்தே தவறான முடிவு பிறக்கும்.

நாலைந்து கோடுகள்தான் என்றால் இன்னும் நல்லது: ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதன் பெயரை எழுதிவிட்டு, லெஜெண்டையே தூக்கிவிடுங்கள்.

உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அதைத் தவிர்த்தால், வாசிக்கும் ஒவ்வொருவர் தலையிலும் அந்த வேலையைக் கட்டுகிறீர்கள்.