கொடுங்கையூருக்கு எரி உலை வேண்டாம்

வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி கைவிட வேண்டும். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம்: மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், வாழையிலை. டெல்லி திமார்பூரில் 1987இல் கட்டிய உலை, குப்பையில் எரிதிறன் போதாமல் சில வாரங்களிலேயே முடங்கியது. நன்றாக எரிவது பிளாஸ்டிக்தான். அதில் பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் என்னும் நச்சு வரும். புகையை வடிகட்டினாலும், வடிகட்டியில் சிக்கும் நச்சுச் சாம்பலை எங்கே கொட்டுவது? அனல்மின் நிலையங்களும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் சூழ்ந்த வடசென்னைதான் இதையும் தாங்க வேண்டுமா? சிக்கல் தொடங்குவது தெருவில்தான்: காலையில் குப்பை அள்ளும் பேட்டரி வண்டி வரும்போது நின்று பாருங்கள். எல்லாக் குப்பையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு வருகிறது. தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் அதைப் பிரித்து, சாம்பார் ஒழுகும் பொட்டலத்திலிருந்து உடைந்த டியூப்லைட் துண்டைத் தனியே எடுத்து வைக்கிறார். வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. மாநகராட்சியின் பொது சுகாதார நிலைக்குழு உறுப்பினர்கள் முதலில் நிற்க வேண்டிய இடம் அந்த வண்டியின் பக்கம்தான். உலைக்குப் போகும் பணத்தில் வார்டுதோறும் உரக்கூடம் அமைக்கலாம். தூய்மைப் பணியாளரின் அந்தக் கைகளுக்கு நல்ல உறை வாங்கித் தரலாம்.