அறிந்தும் வாளாவிருத்தல்

இறைவன் திருமுன் நம் குற்றங்களை அறிக்கையிடும்போது, செய்த தீமையை மட்டுமன்று, செய்யத் தவறிய நன்மையையும் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். தனி மனிதனுக்குரிய இவ்வொழுங்கு, மனிதர் கூடி அமைத்த நிறுவனங்களுக்கும் பொருந்தாதோ?

1958-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் என்னும் அறிவியலார் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். பத்து இலட்சம் பங்கு காற்றில் அன்று அது ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. 2024-ஆம் ஆண்டின் சராசரியோ 420-ஐக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அவ்வளவு 280 அளவிலேயே இருந்தது. பூமியின் வெப்பம் வான்வெளிக்குத் தப்பாதவாறு இவ்வாயு போர்வைபோல் தடுக்கிறது. நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும், அழிக்கும் காடுகளும் அப்போர்வையை ஆண்டுதோறும் தடிக்கச் செய்கின்றன.

இது அறியாமையால் நேர்ந்த பிழையா? அன்று. 1977-இலேயே எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் மேலாளர்களுக்கு அவர்களுடைய அறிவியலாரே இவ்வாபத்தை எடுத்துரைத்தனர். ஆயினும் பிற்காலத்தில் அந்நிறுவனம் மக்கள் முன் ஐயத்தையே விதைத்தது. 1992-இல் ரியோ நகரில் உலக நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. அதன் பின்னரும் உலகு வெளியிடும் கரியமில வாயு பெருகியதேயன்றிக் குறையவில்லை.

காரணம் யாது? நிறுவனம் என்பது பலரும் ஒளிந்துகொள்ளும் நிழல். அமைச்சர் அடுத்த தேர்தலை நோக்குகிறார். இயக்குநர் ஆண்டிறுதி ஆதாயத்தை நோக்குகிறார். வாங்குபவர் விலையை நோக்குகிறார். பழியோ எவர் தலையிலும் விழுவதில்லை. இத்தகைய நிலையையே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் எழுதிய சுற்றுமடலில் 'பாவத்தின் கட்டமைப்புகள்' எனச் சுட்டினார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் ஓலமும் ஏழையின் ஓலமும் ஒன்றே என உணர்த்தினார்.

நிறுவனங்கள் மனந்திரும்பவே மாட்டா என்பதும் உண்மையன்று. ஓசோன் படலத்தைச் சிதைத்த வேதிப்பொருள்களை ஒழிக்க 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் உடன்பட்டன. உடன்பட்டவாறே செய்தும் காட்டின. இன்று அப்படலம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது.

அங்ஙனமாயின், நம் பங்கும் ஒரு நிறுவனமே என்பதை மறவாதிருப்போம். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சிமெண்டு செய்கையில், எரிபொருளிலிருந்து மட்டுமன்று, அக்கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படுகிறது. உலகில் மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் வருவதே. பாட்டனார் காலத்து ஓட்டுக் கோவிலை இடித்துப் புதிய கட்டடம் எழுப்பத் தீர்மானிக்கும் கூட்டத்தில், "பழையதைப் பழுதுபார்த்தால் போதாதா?" என்று கேட்க நம்முள் ஒருவரேனும் எழுந்ததுண்டா? நன்கொடைப் பட்டியலில் பெயர் பொறிக்கப்படும் மகிழ்ச்சியில் நாமும் அந்நிழலில் ஒளிந்துகொண்டோமல்லவா?

பெரிய நிறுவனங்களைக் கேள்வி கேட்பது நம் கடமை, அதனை விடலாகாது. ஆனால் அக்கேள்வியை அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே தொடங்குவோம். அறிந்தும் வாளாவிருந்தவர் என நாளை நம் பிள்ளைகள் நம்மைக் குறித்துச் சொல்லாதிருக்கட்டும்.