டேஷ்போர்டில் உரிந்த வெள்ளி

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூர் பக்கம் இன்னமும் எப்போதாவது ஒரு பழைய அம்பாசடர் எதிரில் வரும். வெளியே பார்த்தால் ஜம்மென்று இருக்கும். டிங்கர் வேலை பார்த்து, பட்டி போட்டு, புது பெயிண்ட் அடித்து, பம்பருக்கு நிக்கல் பாலிஷும் போட்டிருப்பார்கள். கதவைத் திறந்து உட்கார்ந்தால்தான் வயசு தெரியும். குமிழ், வளையம், ஓரப்பட்டை என்று ஒரு காலத்தில் வெள்ளியாக மின்னியதெல்லாம் உரிந்து, உள்ளே இருக்கும் கறுப்போ பழுப்போ எட்டிப் பார்க்கும்.

பம்பர் இரும்பு. அதற்கு மறுபடி முலாம் பூச ஆள் உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். வில்லங்கமே இங்கேதான்.

அம்பாசடர், பத்மினி, கான்டெசா என்று பழைய கார் எதை எடுத்துச் சரி செய்பவரும் கடைசியில் இந்த உரிந்த வெள்ளியில் வந்து நிற்கிறார். "இதையும் புதுசு மாதிரி ஆக்கிடுங்க" என்கிறார். ஆக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் அந்த வெள்ளி என்ன என்று பார்ப்போம். எல்லாம் குரோமியம் அல்ல. 1960களில் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கின் மேல் மின்முலாம் பூசும் முறை தொழிற்சாலைக்கு வந்தது. அந்தப் பிளாஸ்டிக்குக்குள் பொடிப்பொடியாக ரப்பர் கலந்திருக்கும். குரோமிக் அமிலத்தில் முக்கினால் ரப்பர் மட்டும் அரிபட்டு, கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அந்தக் குழிகளைப் பிடித்துக்கொண்டு முதலில் உலோகத்தின் மெல்லிய படலம், அப்புறம் செம்பு, அதற்கு மேல் நிக்கல், கடைசியாகக் குரோமியம். தொட்டால் ஜில்லென்று இருக்கும். தேய்ந்த இடத்தில் மஞ்சளாகவோ செம்பாகவோ தெரிந்தால் இந்த வகை.

இன்னொரு வகையில் குரோமியமே கிடையாது. காற்றை வெளியேற்றிய ஒரு பெட்டிக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் பிளாஸ்டிக்கின் மேல் படிய விட்டு, மேலே வார்னிஷ் போல ஒரு பூச்சு கொடுப்பார்கள். இந்த அலுமினியம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்றாவது வகை ஃபாயில். அதே அலுமினியத்தை மெல்லிய பிலிமில் படியவைத்து, சூடான அச்சால் பிளாஸ்டிக்கில் அழுத்தி ஒட்டுவது. சேத்தூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பக்கத்திலிருக்கும் சிவகாசியில் கல்யாணப் பத்திரிகையில் தங்க எழுத்து விழுவதும் இதே வித்தைதான். பத்திரிகை ஒரு மாதம் தாங்கினால் போதும், கார் முப்பது வருஷம் தாங்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான் :-)

இது தெரியாமல் செய்யும் வைத்தியம்தான் முக்கால்வாசி நாசத்துக்குக் காரணம். டூத் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது, ரப்பிங் கம்பவுண்ட் போட்டு மெருகேற்றுவது, தின்னரில் துணியை நனைத்துத் துடைப்பது. பின்னிரண்டு வகைக்கும் இதெல்லாம் எமன். வார்னிஷ் போனால் அடுத்த தேய்ப்பில் அலுமினியமும் போய்விடும். சலவைச் சோடாவும் ப்ளீச்சும் அலுமினியத்தைக் கரைத்தே விடும். தின்னர் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பஞ்சு. அழுக்கு எடுக்க இது போதும். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் பாதி மங்கல் முப்பது வருஷ விரல் எண்ணெய்தான்.

அப்புறம் என்ன வழி? சில்வர் ஸ்ப்ரே அடித்தால் சாம்பல் நிறம்தான் வரும், கண்ணாடிப் பளபளப்பு வராது. இப்போது கிடைக்கும் குரோம் மை பேனாக்கள் நன்றாகவே மின்னுகின்றன, ஆனால் கை படும் இடத்தில் நிற்பதில்லை. நிக்கல் பாலிஷ் கடைக்குப் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோனால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது, அதற்குத் தனி அமிலத் தொட்டி வரிசையே வேண்டும். அப்படி ஒரு இடம் கிடைத்தாலும் பழைய முலாமை உரித்து, வெயிலில் வெளிறி நொறுங்கத் தயாராயிருக்கும் பிளாஸ்டிக்கை அமிலத்தில் முக்கவேண்டும். போனது போலவே திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த அமிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பது ஹெக்ஸாவேலண்ட் குரோமியம், புற்றுநோய் தரும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டுக்கு இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பா வரை போகவேண்டாம், ராணிப்பேட்டை போதும். அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அப்படியே விட்டுப்போனது. அது தோல் பதனிடும் உப்பு சம்பந்தப்பட்டது, கார் முலாம் அல்ல. ஆனால் நிலத்தடி நீரில் இறங்கியது இதே குரோமியம்தான். ஒரு ரேடியோ குமிழ் மின்னுவதற்கு இது கொஞ்சம் அதிகம்.

"கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற வண்டி சார், மாப்பிள்ளை வீட்டார் உள்ளேயும் பார்ப்பார்கள்" என்பவருக்கு என்ன பதில்? நியாயமான கேள்வி. அவருக்குப் பளபளப்பு வருமானம். தட்டையான பட்டைகளுக்குப் பின்பக்கம் பசையுள்ள குரோம் ஸ்டிக்கரை அளவாக வெட்டி ஒட்டிக்கொள்ளட்டும். வேண்டாமென்றால் சூடு காட்டி உரித்துவிடலாம். திரும்பப் பெற முடியாத வேலைதான் தப்பு.

ஏனென்றால் அந்தத் துண்டு போனால் வேறு கிடையாது. கான்டெசா 2002இல் நின்றது, அம்பாசடர் 2014 மே மாதத்தில். காமர்ஸ் படித்தவர்களுக்குக் குறைந்துசெல் மதிப்பு முறை தெரியும். வருடத்துக்கு 15 சதவீதம் வீதம் கழித்தால் 100 ரூபாய் 20 வருஷத்தில் 4 ரூபாய்க்குக் கீழே வந்து நிற்கும், ஆனால் பூஜ்யம் ஆகவே ஆகாது. கணக்குப் புத்தகம் அதோடு விட்டுவிடும். பழைய கார் உலகத்தில் அதன் பிறகு மதிப்பு ஏற ஆரம்பிக்கிறது, அதுவும் கலப்பில்லாத வண்டிக்கு. பழைய வாகனச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம் காலத்தின் தடயங்களைக் காப்பாற்றச் சொல்கிறது. இந்தியாவிலும் 2021இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் பதிவெண் கிடைக்கும். அந்த விதி பார்ப்பது சேஸிஸ், பாடி, எஞ்சின். உள்ளே உரிந்த வெள்ளியை அல்ல. உரிந்திருக்கிறதே என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

கதவுக் கைப்பிடியில் வெள்ளி போயிருப்பது ஒரே ஓரத்தில்தான், கட்டைவிரல் படும் ஓரத்தில். அதை மூடிவிட்டால், முப்பது வருஷம் அந்த வண்டியை ஓட்டியவர் எப்படிக் கதவைத் திறந்தார் என்பதும் சேர்ந்து போய்விடும்.

வேறு துண்டு கிடைத்து மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையதை ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாமல் வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கழற்றுவது நல்லது. குளிர்ந்த பிளாஸ்டிக்கில் கிளிப் முதலில் உடையும். கழற்றியதைப் பேப்பரில் சுற்றி டிக்கியிலேயே போட்டு வைக்கலாம். பழைய இரும்புக்காரர் எப்படியும் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் தரப்போவதில்லை.