தவணையைத் தீர்மானிப்பது யார்?

2023 மார்ச்சில் வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ வந்தது. வாடகைப் பணத்தையே தவணையாகக் கட்டி வீட்டைச் சொந்தமாக்கலாம் என்று தரகர்கள் ஆசை காட்டுகிறார்கள். இருபது வருஷம் கட்டப்போவது அவர்களா?

வாடகை ஏறினால் வேறு தெருவுக்குப் போகலாம். வட்டி ஏறினால் எங்கே போவது? 2022 ஏப்ரலில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. இருபது ஆண்டுக்கு வாங்கும் 20 லட்சம் கடனுக்கு 7 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய், 9.5 சதவீதத்தில் 18,600.

வங்கி பார்ப்பது நம் சம்பளச் சீட்டை. ஊருக்கு அனுப்பும் பணமும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் அதில் ஏது? ஓவர்டைமைக் கழித்துவிட்டு, அந்த ஜூனில் எவ்வளவு கட்ட முடியும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குப் போடுங்கள். அதிலும் மூவாயிரத்தைக் குறைத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.