கதைப்பதற்கும் ஒரு கட்டு

நமது ஊர்களில் கடதாசி விளையாட்டு என்றால் அது ஆண்களின் சொத்து. செத்த வீட்டிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் நான்கு பேர் கூடி 304 விளையாடுவார்கள். பெண்கள் தேநீர் கொண்டுபோய் வைப்பார்கள். 32 கடதாசிகளில் தனக்கு விழுந்த 8ஐ வைத்துக் கணக்குப் பார்க்கும் சாமர்த்தியம் பெண்களுக்கு வராது என்று யார் தீர்மானித்தார்களோ!

தோழிகளே, இம்மாதம் நான் எழுத வந்தது கணினியில் விளையாடும் ஒரு கடதாசிச் சண்டையைப் பற்றியே. அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு விளையாடத் தொடங்கியது; இப்போது மடிக்கணினிக்கு எங்கள் இருவருக்கும் போட்டி. பெயர் கிரிஃப்ட்லாண்ட்ஸ். கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள கிளே என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2021இல் இதனை முழுமையாக வெளியிட்டது.

கதை நடப்பது ஹவாரியா என்ற கற்பனை நாட்டில். கதாநாயகி சால். கடனுக்காக விற்கப்பட்டுக் கொத்தடிமையாக உழைத்தவள். அதிலிருந்து மீண்டு, தன்னை விற்ற காஷியோவைத் தேடி ஊருக்குத் திரும்பி வருகிறாள். கடனால் ஒரு பெண்ணின் உடலும் உழைப்பும் விலைப்பொருளாவதை ஒரு விளையாட்டு இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது என்னை ஈர்த்தது.

304இல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டுத்தான். இங்கே சாலுக்கென்று தனிக் கட்டு. தொடக்கத்தில் சில சாதாரணக் கடதாசிகளே இருக்கும். ஒவ்வொரு மோதலும் முடிய, காட்டப்படும் புதியவற்றில் விரும்பிய ஒன்றைச் சேர்க்கலாம். அடிக்கடி பயன்படுத்தும் கடதாசி தானாகவே மெருகேறும். 2019இல் வெளிவந்த ஸ்லே த ஸ்பையர் என்ற புகழ்பெற்ற விளையாட்டும் இந்த வகையே. ஆனால் அதில் கடதாசி எல்லாம் சண்டைக்கே. சாலிடம் இரண்டு கட்டுகள் உள்ளன: ஒன்று அடிபடுவதற்கு, மற்றது கதைப்பதற்கு.

கதைக்கும் கட்டில் சமரசக் கடதாசிகளும் உண்டு, மிரட்டல் கடதாசிகளும் உண்டு. எதிராளியின் சொல்லிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் கடதாசிகள் வேறு. இங்கே குறைவது உயிரல்ல, மனவுறுதி. காலையில் ஒருவரோடு வாதாடி இழந்த மனவுறுதி மாலையில் இன்னொருவரிடம் போகும்போதும் குறைந்தே இருக்கும். மதுச்சாலையில் குடித்தால் கொஞ்சம் ஏறும். ஆனால் வெறிக் கடதாசிகள் கட்டுக்குள் புகுந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். எந்தச் சமூகவியல் விரிவுரையிலும் இதை இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை.

நாங்கள் வேலை செய்யும் ஒரு கிராமத்தில் நுண்கடன் எடுத்த பெண் ஒருவர் இருக்கிறார். கிழமைக்கொருமுறை அறவிட வருபவர் முற்றத்தில் நின்று சத்தம் போடுவார். இவரிடம் இருந்தது ஒரே கடதாசி: "நாளைக்குத் தாறன் தம்பி." அதையே திரும்பத் திரும்பப் போட்டு அவருடைய மனவுறுதிதான் தேய்ந்தது. மகளிர் குழுவில் இதைப் பழகிப் பார்த்தோம். ஒப்பந்தப் பிரதியைக் கேட்பது, கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பது, தனியே நின்று கதைக்காமல் இரண்டு பேரைக் கூட வைத்திருப்பது. சாலுக்கும் துணைக்கு வருபவர் பேச்சிலும் பக்கத்தில் நின்று கைகொடுப்பார். அடுத்த முறை வந்தவருக்கு எங்கள் அக்கா கதிரை போட்டு, "ரசீதுப் புத்தகத்தைக் காட்டுங்கோ தம்பி, பிறகு கதைப்பம்" என்றாராம். கடன் குறையவில்லை, சத்தம் குறைந்தது.

விளையாட்டில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. சாலை நேசிப்பவரால் அவளுக்கு ஓர் அனுகூலம், வெறுப்பவரால் ஒரு பாதிப்பு. ஒருவரைக் கொன்றால் அவருடைய சிநேகிதர்கள் பகையாவார்கள். இதுவரை சரி. ஆனால் வெறுப்பவர் இறந்துவிட்டால் அவரால் வந்த பாதிப்பும் போய்விடுகிறது! சாவு பகையைத் தீர்க்கும் என்ற இந்தக் கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தாது, யுத்தம் பார்த்த நமக்குச் சொல்லவும் வேண்டுமா? எவ்வளவுதான் கதைக்கப் பழகினாலும் காஷியோவோடு கடைசியில் சண்டைதான் என்பதும் எனக்கு ஏமாற்றமே. அக்காவின் மகளோ, "விற்றவரோட என்ன கதை, சித்தி?" என்கிறாள். அவளுடைய நியாயமும் விளங்காமலில்லை.

றூக் என்ற இன்னொருவரின் கதையில் கொத்தடிமைத் தொழிலாளரின் கிளர்ச்சி வருகிறது. அதைப் பாதிவரை பார்த்திருக்கிறேன். விளையாட்டு முழுவதும் ஆங்கிலத்தில். வாசிக்க நிறைய உண்டு. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அகராதி பக்கத்தில் இருந்தால் போதும். குடியும் கொலையும் வருவதால் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.